ஏரித் தண்ணீருக்கு ஒன்பது ரீடிங்

காலை ஐந்து ஐம்பது. எண்ணிக்கை நாற்பத்தொன்று. வரிசையில் இல்லாதவள் பெயர் பவித்ரா.

மூன்று நாள் தங்கிப் படிக்கும் அறிவியல் முகாமில் ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு அறிவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை; நாற்பத்திரண்டு வரை தப்பில்லாமல் எண்ணத் தெரிந்தால் போதும். பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கோ, கண்காட்சிக்கோ, கல்யாணத்துக்கோ கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டாம். விரல் தானாக மடங்கும். சாப்பிடும்போதும் மடங்கும்.

இருபத்தாறு வருஷம் நாளிதழில் செய்தி எழுதிவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவே ஓர் ஏரி, அதன் கரையை ஒட்டி ஆறு அஸ்பெஸ்டாஸ் கொட்டகை, ஒரு சமையல்கட்டு. அதுதான் முகாம். செலவு ஒரு கம்பெனியுடையது. பிள்ளைகள் சுற்றுவட்டாரத்து அரசுப் பள்ளிகளில் இருந்து வருவார்கள். ஒரு காலாண்டு விடுமுறையில் நடந்த முகாமின் இரண்டாம் நாளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன். அன்றைக்கு நான் உட்காரவே இல்லை.

கரையில் ஒருத்தி

நாற்பத்திரண்டாவது ஆளைத் தேடிக்கொண்டு கழிப்பறை வரிசை, சமையல்கட்டு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஓடினேன். ஏரி பக்கத்தில் இருக்கும்போது பிள்ளையைக் காணோம் என்றால் மனசு எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை. கடைசியில் கரைக்கு அந்தப் பக்கச் சரிவில், பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு. ஒல்லி. கையில் ஒரு மீட்டர். பேனா அளவில் இருக்கும்; நுனியைத் தண்ணீரில் வைத்தால் அது அமிலப் பக்கமா காரப் பக்கமா என்று எண்ணில் காட்டும். ஏழு என்றால் நடு. ஏறினால் காரம்.

மேலே வா என்று கத்தினேன். வந்தாள். யாரைக் கேட்டு இறங்கினாய் என்றேன். ஏழு மணிக்குத்தான் முதல் அளவு எடுக்க வேண்டும், மீட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று முன்னாடியே பார்த்துக்கொள்ள வந்தாளாம். இன்றைக்கு அளவு தப்பாகப் போனால் தன் கதை முடிந்தது என்றாள். என்ன கதை என்று கேட்டேன். ஈரக் காலை மண்ணில் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

“சாயந்தரம் எங்கம்மா வருது சார். வந்து பாத்துட்டுத்தான் பதினொண்ணாவதா, ஐடிஐயான்னு சொல்லுமாம்.”

பொங்கல் ஆறுகிற நேரம்

காலைச் சாப்பாட்டில் மீதிக் கதை கிடைத்தது. அம்மா வசந்தா, செல்போன் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் எட்டு வருஷமாகத் தரப் பரிசோதனை லைனில் நிற்கிறார். அப்பா சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் இருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். வீட்டில் அம்மா சொல்வதுதான் தீர்ப்பு. பத்தாவது முடிந்ததும் ஐடிஐ, அதை முடித்ததும் தன் கம்பெனியிலேயே வேலை என்பது வசந்தாவின் கணக்கு. பவித்ராவுக்குப் பதினொன்றாவதில் சயின்ஸ் குரூப் வேண்டும். மூன்று மாதமாக வீட்டில் இதே பேச்சு. கடைசியில் வசந்தா இறங்கிவந்து ஒரு வழி சொல்லியிருக்கிறார். முகாமுக்குப் போ. ஞாயிற்றுக்கிழமை காலை ஏ ஷிஃப்ட் முடித்துவிட்டு வருகிறேன். நீ செய்ததைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன்.

பொங்கலைத் தட்டில் வைத்துவிட்டு அவள் எழுந்து எழுந்து மணி பார்த்தாள். எட்டு மணி அளவுக்கு இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. உட்கார்ந்து சாப்பிடு, அம்மா அப்படியெல்லாம் கண்டிப்பாகப் பார்க்க மாட்டார்கள் என்று பெரிய மனிதத் தோரணையில் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

“எங்கம்மா ஒரு நாளைக்கு நாலாயிரம் பீஸ் பாக்குது சார். என்னை மட்டும் பாக்காம வுட்டுடுமா?”

ஃபர்ஸ்ட் பீஸ்

அன்றைய வேலை எளிது. ஐந்து குழு, ஏரிக்கரையில் ஐந்து இடம். காலை ஏழு முதல் பிற்பகல் மூன்று வரை மணிக்கு ஒரு தடவை தண்ணீரை அளந்து தாளில் எழுத வேண்டும். மொத்தம் ஒன்பது அளவு. ஒவ்வொரு குழுவிலும் ஒருவருக்கு மீட்டரும் தாளும். மூன்றாம் குழுவுக்குப் பவித்ரா. இரண்டாம் குழுவுக்கு தினேஷ். தினேஷின் அப்பா கார் கண்ணாடி கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பையன் நடப்பதே கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான்.

எட்டரைக்கு நான் சுற்றி வந்தபோது தினேஷின் தாளைப் பார்த்தேன். ஒன்பது கட்டமும் நிரம்பியிருந்தது. ஒன்பதிலும் 7.6. ஏனப்பா, மணி எட்டரைதானே ஆகிறது என்றேன். அவனுக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. நிதானமாக எனக்குப் பாடம் எடுத்தான். நான் அதட்டி, மீதிக் கட்டங்களை அழிக்கச் சொல்லிவிட்டு, அடுத்த பஞ்சாயத்துக்கு ஓடினேன். அழித்தான் என்றுதான் நினைத்தேன். அவன் சொன்னது இது:

“சார், ஃபர்ஸ்ட் பீஸ் ஓகேன்னா அந்த ஷிஃப்ட் ஃபுல்லா ஓகே. எங்கப்பா கம்பெனில அப்டித்தான்.”

இருபது நிமிஷ மௌனம்

இந்த மாதிரி முகாம்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகளைத் தனித்தனியாக ஒரு மரம், ஒரு பாறை என்று உட்கார வைத்து, இருபது நிமிஷம் பேசாமல் கேட்டதையெல்லாம் எழுதச் சொல்வது. எங்கள் விலங்கியல் ஆசிரியை ஜெனிஃபர் நாகர்கோவில்காரர். தன் ஊரில் இதைச் செய்தால் பிள்ளைகள் பதினைந்து பறவை எழுதும் என்பார். இங்கே கரைக்குப் பின்னால் நானூறு அடியில் ஆறுவழிச் சாலை.

நாற்பத்திரண்டு பேரும் நெளிந்தார்கள். எறும்பு கடித்தது, கால் மரத்தது, பக்கத்து மரத்துக்காரி சிரித்தாள். ஏழாவது நிமிஷத்தில் எனக்கே அங்கிருந்து ஓடவேண்டும் போலிருந்தது. தாள்களை வாங்கிப் பார்த்தால் மீன்கொத்தி ஒன்று, கண்டெய்னர் பதினொன்று, கம்பெனி பஸ் ஆறு. ஒரு பிள்ளை மீன்கொத்தியையும் அடித்துவிட்டு ‘பிரேக் சத்தம்’ என்று திருத்தியிருந்தாள். ஜெனிஃபர் சோர்ந்துபோய், கண்ணை மூடிக்கொண்டு நன்றாகக் கேளுங்கள் மக்களே, அது என்ன குரல் என்றார். ஓர் எட்டாம் வகுப்புப் பையன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

“பத்து வீல் மிஸ். லோடு இல்லாம காலியாப் போவுது.”

ஓகே, என்ஜி

பதினொரு மணிக்கு வலை போட்டுத் தண்ணீர்ப் பூச்சிகளைப் பிடித்து, வெள்ளைத் தட்டில் வைத்து இனம் பிரிக்கும் வேலை. கால் எத்தனை, இறக்கை உண்டா, நீந்துகிறதா, மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜெனிஃபர் சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்த குழுவுக்குப் போனார். திரும்பி வந்து பார்த்தால் தட்டு இரண்டாகப் பிரிந்திருந்தது. நடுவில் ஒரு குச்சி. இந்தப் பக்கம் ‘ஓகே’ என்று ஒரு சீட்டு, அந்தப் பக்கம் ‘என்ஜி’ என்று ஒரு சீட்டு. என்ஜி என்றால் இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் தேறாத சரக்கு. பால் பல் விழுவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை தெரியும்.

எதைப் பார்த்துப் பிரித்தீர்கள் என்று ஜெனிஃபர் கேட்டார். ஒரு கால் உடைந்த வண்டு, நிறம் மங்கின தும்பிக் குஞ்சு, மற்றதைவிடச் சின்னதாக இருந்த நத்தை எல்லாம் என்ஜி. எல்லாம் உயிரோடு இருக்கிறதே மக்கா, உயிரோடு இருக்கிறது எப்படித் தேறாமல் போகும் என்றார். குழுத் தலைவி யோசித்தாள். விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, மிஸ்ஸைப் பகைக்கவும் மனமில்லை. பழுது பார்த்தால் தேறிவிடும் சரக்குக்கும் கம்பெனியில் ஒரு பெயர் உண்டு.

“அப்போ ரீவொர்க்குன்னு எழுதிக்கலாமா மிஸ்?”

துண்டு சுற்றிய பாட்டில்

பன்னிரண்டு மணிக்குப் புகார் வந்தது. கொண்டுவந்தவன் தினேஷ். பவித்ரா குழு வேலை செய்யாமல் ஏதோ ஒளித்து வைத்திருக்கிறாளாம். போய்ப் பார்த்தேன். கரையில் இரண்டு ஒரு லிட்டர் பாட்டில். இரண்டிலும் பச்சை ஏறிய ஏரித் தண்ணீர். ஒன்று வெயிலில் அப்படியே நின்றது. இன்னொன்றைத் தன் குளிக்கிற துண்டில் இறுக்கச் சுற்றி, அதன் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் பையை மாட்டி வைத்திருந்தாள்.

இது என்ன என்றேன். தாளை நீட்டினாள். ஏழு மணிக்கு 7.6. எட்டுக்கு 7.7. ஒன்பதுக்கு 7.9. பத்துக்கு 8.1. பதினொன்றுக்கு 8.3. பன்னிரண்டுக்கு 8.4. ஏறிக்கொண்டே போனது. ஏன் ஏறுகிறது என்று மிஸ்ஸைக் கேட்டிருக்கிறாள். ஜெனிஃபர் பதில் சொல்லாமல், மணி ஏற ஏற ஏரியில் வேறு என்னவெல்லாம் ஏறுகிறது என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். வெயில் என்று இவளுக்குத் தோன்றியது. அதனால் பத்து மணிக்கு ஒரே வாளித் தண்ணீரை இரண்டு பாட்டிலில் ஊற்றி, ஒன்றுக்கு வெயில் காட்டி, ஒன்றுக்கு மறைத்து வைத்திருக்கிறாள். மூன்று மணிக்குத் திறந்து பார்ப்பதாகத் திட்டம். நான் புரிந்துகொள்வதற்குள் தினேஷ் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டான்:

“வெயில்ல குந்திகினு பாட்டிலுக்குத் துண்டு கட்டிவிட்டுகினு கீறா சார். பைத்தியம் புட்சிகிச்சி.”

என் பங்கு

இரண்டு மணிக்கு நான் செய்த காரியத்தையும் எழுதிவிடுகிறேன். மூன்று மணி அளவுக்கு முன்பே மற்ற நான்கு குழுத் தாள்களும் என் மேஜைக்கு வந்துவிட்டன. நான்கிலும் மேலிருந்து கீழே வரை 7.6, ஒன்றிரண்டு இடத்தில் 7.5. பவித்ராவின் தாள் மட்டும் எட்டைத் தாண்டி ஒன்பதை எட்டிக்கொண்டிருந்தது. அவள் குழுப் பெண்களே அவளைச் சூழ்ந்துகொண்டு திட்டினார்கள். நம்ம குரூப்பு மட்டும் என்ஜி ஆயிடும், மூன்றரைக்குக் கம்பெனி ஆள் வருகிறார், மானம் போகும், ஒழுங்காக மாற்றி எழுதடி என்றார்கள். ஒருத்தி ரப்பரையே எடுத்துக் கொடுத்தாள்.

ஐந்து நிருபர்கள் ஒரே வரியில் செய்தி அனுப்பினால், ஐந்து பேரும் ஒரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்கள் என்று அர்த்தம். பத்திரிகை ஆபீஸில் இதைச் சொல்லிப் பல பேரைக் கடிந்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. ஜெனிஃபர் வலைக் குழுவோடு ஏரியின் அந்தக் கோடியில் இருந்தார். கம்பெனியில் இருந்து ஆள் வருகிற நாளில் சுவரில் ஒரு தாள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது என்பதுதான் என் கவலை. எல்லாவற்றையும் கூட்டி வகுத்து ஒரு சராசரி போட்டுவிடேன் என்று பவித்ராவிடம் சொன்னேன். அவள் என்னிடமிருந்து இதை எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

“எட்டு வாட்டி தண்ணில எறங்குனது நானு சார். சராசரியா எறங்கல.”

விருந்தினர் வருகை

மூன்று மணிக்கு அவள் கடைசி அளவையும் எடுத்தாள். 9.0. ரப்பரை உரியவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, தாளைத் தானே சுவரில் ஒட்டினாள். விருந்தினர் வருகிற அவசரத்தில் எல்லோரையும் நான் வரிசையில் நிறுத்தியதால் பாட்டில்களைத் திறக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. மூன்றரைக்கு விருந்தினர் வந்தார். முகாமுக்கு உதவும் கம்பெனியின் அதிகாரி. நல்ல மனிதர். வந்ததில் இருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்கரைக்கு வேறு ஒரு கூட்டமாம். பூச்சித் தட்டைப் பார்த்துச் சிரித்தார், பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டார், பிறகு சுவருக்கு வந்தார்.

நான்கு தாள்களையும் வரிசையாகப் பார்த்து, பிரமாதம் என்றார். தினேஷின் முதுகில் தட்டினார். ஐந்தாவது தாளில் புருவம் உயர்ந்தது. யார் எழுதினது என்று கேட்டார். பவித்ரா கையைத் தூக்கினாள். அவர் திட்டவில்லை, அதுதான் கொடுமை. மீட்டர் கோளாறாக இருக்கும், பரவாயில்லை, அடுத்த முறை சரியாகச் செய் என்று கனிவாகச் சொன்னார். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் அடுத்த கொட்டகையைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். போகிற போக்கில் ஓர் அறிவுரையும் கிடைத்தது:

“வேரியேஷனைக் குறைக்கணும் பாப்பா. எந்த வேலைக்குப் போனாலும் வேரியேஷன்தான் எதிரி.”

வசந்தா வந்தார்

நாலே கால் மணிக்கு வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை, கண்ணில் எட்டு மணி நேரம் விளக்கடியில் நின்ற சிவப்பு. பவித்ரா ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டாள். எங்கே உன் வேலை என்று கேட்டார் வசந்தா. சுவரைக் காட்டினாள். அதிகாரி சொன்னது அதற்குள் முகாம் முழுக்கப் பரவியிருந்தது. பிள்ளைகள் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒருத்தி பரிசோதிக்கப்படுவதைப் பார்ப்பதில் எந்த வயதிலும் ஒரு சுகம் இருக்கிறது. நான் முந்திக்கொண்டு, மீட்டரில் ஏதோ கோளாறு என்று பவித்ராவுக்கு வக்காலத்து வாங்கப் பார்த்தேன். வசந்தா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

தாளின் மேல் விரலை வைத்து, கட்டம் கட்டமாக, மேலிருந்து கீழே வந்தார். முதல் தாள். இரண்டாவது தாள். வேகம் குறையவில்லை. மகளின் தாளில் விரல் நின்றது. ஒரு மணி அளவுக்குப் பக்கத்தில், குறிப்பு எழுதும் இடத்தில், ‘மேகம். ஏறவில்லை’ என்று பவித்ரா எழுதியிருந்தாள். இரண்டு மணிக்கு எதிரே, ‘கை நடுங்கியது, மறுபடி எடுத்தேன்’ என்றிருந்தது. மற்ற நான்கு தாள்களிலும் குறிப்பு வரிசை வெள்ளையாகக் கிடந்தது. வசந்தா திரும்பி, அந்த நான்கையும் எழுதியது யார் என்று கேட்டார். நான்கு குழு, நான்கு பேர் என்றேன். தலையை ஆட்டினார்.

“நாலு பேரு இல்லீங்க. ஒரே எடத்துல குந்திகினு ஒருத்தன் எழுதி, மூணு பேரு பாத்து எழுதனது. இந்த மாதிரி ஷீட்டு வந்தா எங்க லைன்ல கூப்ட்டு வெச்சி கேப்போம்.”

தினேஷின் வாக்குமூலம்

யாரும் கூப்பிட்டு வைத்துக் கேட்கவில்லை. தினேஷே முன்னால் வந்தான். கைகள் இப்போது முதுகுக்குப் பின்னால் இல்லை. அழித்ததைத் திரும்ப எழுதியதாகவும், பதினொரு மணிக்குச் சுண்டல் கொடுத்தபோது மற்ற மூன்று குழுவுக்கும் காட்டியதாகவும் சொன்னான். ஒரு தடவைதான் தண்ணீரில் இறங்கினானாம். கால் சேறாகிறது என்று மற்றவர்கள் அதுவும் இறங்கவில்லை. முதுகில் தட்டு வாங்கியவன் அவன்தான் என்பது எல்லோருக்கும் நினைவிருந்தது. அவனைவிட எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. காலையிலேயே பார்த்தவன் நான்.

“ஃபர்ஸ்ட் பீஸ் நெஜமாவே ஓகேதான் ஆன்ட்டி. அத மட்டும் அளந்தேன்.”

தீர்ப்பு

பவித்ராவின் முகம் மலர்ந்திருந்தது. அதை அவள் அம்மாவே அடுத்த நிமிஷம் வாட வைத்தார். மகளின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, கூட்டத்தில் நின்ற ஜெனிஃபரிடம் காட்டி, பாருங்க மிஸ், எப்படி எழுதிகினு கீறா, இந்தக் கை எங்க செக்‌ஷனுக்குன்னே செஞ்ச கை, ஐடிஐ முடிச்சிட்டு வந்தா கண்ண மூடிகினு எடுத்துப்பாங்க என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு. மூன்று வருஷம் கழித்துக் கிடைக்கவேண்டிய வேலையை அந்த இடத்திலேயே மகளுக்குக் கொடுத்துவிட்டார். பிள்ளைகள் கை தட்டினார்கள். தட்டாதவள் பவித்ரா ஒருத்திதான். நாள் முழுக்க ஏறி இறங்கி, வெயிலில் நின்று, யாருக்கும் வளையாமல் உண்மையை எழுதியதற்குக் கிடைத்த பலன், அவள் எதில் இருந்து தப்பப் பார்த்தாளோ அதற்கே நூற்றுக்கு நூறு மதிப்பெண்.

கையை உருவிக்கொண்டு கரைக்கு ஓடினாள். நான் எண்ணிக்கை பயத்தில் பின்னாலேயே ஓடினேன். இரண்டு பாட்டிலையும் அணைத்துக்கொண்டு வந்து அம்மாவின் முன்னால் வைத்தாள். ஒரே வாளித் தண்ணி, பத்து மணிக்கு ரெண்டுமே 8.1, ஒண்ணு வெயில்ல, ஒண்ணு இருட்டுல என்று மூச்சு வாங்கச் சொன்னாள். எது ஏறும், எது ஏறாது என்று சொல்லாதே என்றார் வசந்தா. மகளைத் திரும்பி நிற்கச் சொல்லி, துண்டைத் தானே அவிழ்த்து, மீட்டரைத் தானே கழுவி, தானே அளந்தார். துண்டு சுற்றியதில் 8.0. வெயிலில் நின்றதில் 8.9. மறுபடி அளந்தார். பாட்டில்களை இடம் மாற்றி வைத்து மூன்றாம் தடவை அளந்தார். அதே எண்கள். ஜெனிஃபர் அப்போதுதான் வாயைத் திறந்தார். தண்ணீரில் இருக்கிற பச்சைப் பாசிக்கு வெயில் பட்டால் அது கரியமில வாயுவைத் தின்னும், அது குறையக் குறையக் காரம் ஏறும், ராத்திரியில் எல்லாம் திரும்ப இறங்கிவிடும் என்றார். அதைத்தான் உங்கள் மகள் பாட்டிலில் பிடித்து வைத்திருக்கிறாள், நான் சொல்லிக் கொடுக்கவில்லை என்றார்.

வசந்தா மீட்டரைத் துடைத்து மூடி போட்டார். அவசரப்படவில்லை. “எங்க லைன்ல ரீடிங் மாறினா பீஸைத் தூக்கி செவப்பு டப்பால போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடுவோம் மிஸ்” என்றார். “ஏன் மாறுச்சின்னு பாக்கறதுக்கு மேல ஒரு ரூம் கீது. கண்ணாடி ரூமு. எட்டு வருஷமா டப்பாவ அந்த வாசல் வரைக்கும் கொண்டும்போய் வெக்கறேன். உள்ள போனதில்ல.” பவித்ரா இன்னும் திரும்பியே நின்றுகொண்டிருந்தாள், திரும்பச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டோம். அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே வசந்தா கேட்டார்:

“அந்த ரூமுக்குப் போவணும்னா இன்னா குரூப்பு எடுக்கணும்?”

இரண்டு வருஷ முகாம் வேலையில் அறிவியலுக்கு நான் செய்த ஒரே தொண்டு, நான் சராசரி போடச் சொன்னதை ஒரு பெண் கேட்காமல் விட்டதுதான்.

அடுத்த வருஷம் ஜூன் பன்னிரண்டாம் தேதி பவித்ரா அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு, கணிதம்–உயிரியல் பிரிவில் சேர்ந்தாள். வசந்தாவுக்கு அன்று ஏ ஷிஃப்ட், கையெழுத்துப் போட அப்பா போயிருந்தார்.